நாம் என்னும் சொல்

பின்னலாடை நகரம் என்று உலகம் போற்றும் திருப்பூரில் நூல் மட்டுமா பின்னப்படுகிறது? நூறு ஊர்களின் வாழ்க்கையும் பின்னப்படுகிறது. பனியன் கம்பெனியின் கதவு திறக்கும் காலை நேரத்தில் சாலையோரம் நின்று காது கொடுத்துக் கேட்பவர்க்கு இது விளங்கும். கொங்குத் தமிழின் குழைவு ஒருபுறம், மதுரைப் பக்கத்து அழுத்தம் ஒருபுறம்; ஒடியா, வங்காளம், அசாமியம், போஜ்புரி என்று வடபுலத்து ஓசைகள் மறுபுறம். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்களின் இரைச்சல் தொடங்கியதும் அத்தனை மொழிகளும் அடங்கிவிடும். எந்திரத்துக்கு ஒரே மொழி. முதலாளிக்கும் ஒரே மொழி: பீஸ் ரேட்.

வடபுலத்திலிருந்து வந்த தொழிலாளர் அனைவரையும் நம் ஊர் ஒரே பெயரால் அழைக்கிறது: 'இந்திக்காரர்'. அழைப்பவர் நெஞ்சில் பகை இருக்க வேண்டும் என்பதில்லை. பேரம் பேசவும் வேலை சொல்லவும் வசதியான பெயர், அவ்வளவே. ஆனால் வசதிக்காகச் சூட்டிய பெயர் உண்மையை விழுங்கிவிடுவதுண்டு. இங்கே விழுங்கப்படுவது சிறிய உண்மையன்று. இந்தி வேண்டா என்று சிறை சென்ற நாட்டில், இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பல்லாயிரவரை நாமே இந்தியின் கணக்கில் எழுதித் தந்துகொண்டிருக்கிறோம். இது முறைதானா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாமும் சில நண்பர்களும் ஞாயிறுதோறும் மாலையில் படிப்பகம் ஒன்றில் வடபுலத் தொழிலாளர்க்குத் தமிழ் எழுத்துக் கற்றுத் தருகிறோம். பேருந்தின் பெயர்ப் பலகை, மருந்துச் சீட்டு, கூலிக் கணக்கு இவற்றைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற்றுவோர் கை சற்று ஓயும் என்பது எண்ணம். சார்க்கண்டின் கும்லா பகுதியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அவ்வகுப்புக்கு வருகிறார். ஒன்றரை ஷிப்டு முடித்த களைப்பிலும் எழுத்தை விடாதவர்.

"உங்க வீட்டுல என்ன பாசைங்க?" என்று கேட்டோம்.

"இந்திதாங்ண்ணா" என்றார்.

"அம்மா உங்ககிட்ட இந்திலயா பேசுவாங்க?"

சற்றுத் தயங்கினார். சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இல்லீங்ண்ணா. அம்மா குருக் பேசுவாங்க. அது காட்டுப் பாசைங்ண்ணா. எழுத்தெல்லாம் இல்லைன்னு சொல்லுவாங்க."

காட்டுப் பாசை! சொன்னவர் அவர், சொல்ல வைத்தவர் யார்? அவர் பள்ளியா, அவர் ஊர்ச் சந்தையா, அவரை ஏளனம் செய்த அண்டை வீட்டாரா? ஒரு மனிதன் தன் தாயின் பேச்சை மறைத்துவைக்கப் பழகுகிறான் என்றால், அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட அவமதிப்பு இருக்கிறது என்பது பொருள்.

எண்ணச் சொன்னோம். எண்ணினார்: ஒண்டா, எண்ட், மூந்த், நாக். வகுப்பிலிருந்த தமிழ்த் தோழர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். கண்ணைக் காட்டிக் கேட்டோம். தொண்டையில் உரசி வரும் ககரத்தோடு 'கன்' என்றார். பல்லைக் காட்டினோம், 'பல்' என்றார். வாய் 'பை' ஆயிற்று. நீ என்பது 'நீன்'. தண்ணீர் 'அம்ம்'. நீரை 'அம்' என்று நம் பழந்தமிழும் சொல்லும். நாம் மறந்த சொல்லைச் சோட்டாநாகபுரி மேட்டுநிலம் மறக்கவில்லை. நான்கு வரையில் திராவிட எண்கள். ஐந்திலிருந்து வடமொழிக் குடும்பத்து எண்கள். நான்கோடு நின்றுவிட்ட அந்த எண் வரிசை, ஆதிக்கம் எங்கே நுழைந்தது என்று எல்லைக்கல் நட்டுக் காட்டுகிறது.

எல்லாவற்றிலும் நம்மை ஈர்த்தது ஒரு சிறு சொல். அம்மொழியில் 'நாம்' உண்டு. அது நம் 'நாம்' தான். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'; கேட்பவரை நீக்கிச் சொன்னால் 'ஏம்'. தமிழில் நாம் என்றும் யாம் என்றும், இன்றைய வழக்கில் நாங்கள் என்றும் பிரிப்பதைப் போலவே. இந்திக்கு இந்தப் பாகுபாடு இல்லை. அதற்கு எல்லாம் ஒரே 'ஹம்'. பள்ளியும் அலுவலகமும் தன்மீது சுமத்திய மொழியில் இல்லாத ஒரு நுட்பம், 'காட்டுப் பாசை' என்று இகழப்பட்ட தாய்மொழியில் இருக்கிறது என்று அந்த இளைஞருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் அதை நண்பரிடம் தம் மொழியிலேயே திருப்பிச் சொன்னார். வகுப்பறையில் உரத்த குரலில் குருக் ஒலித்தது அன்றுதான்.

குருக் மொழி பேசுவோரை ஓராவன் என்று பிறர் அழைப்பர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மொழியினர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். சார்க்கண்டு, சத்தீசுகர், ஒடிசா, மேற்கு வங்கம், அசாமின் தேயிலைத் தோட்டங்கள் என்று சிதறி வாழ்கிறார்கள். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் 1875 பதிப்பில் திராவிட மொழிகள் பன்னிரண்டு என்று கணக்கிட்டார். ஓராவன் அவற்றுள் ஒன்று. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள். தோடம், கோத்தம், கோண்டு, கந்தம், ஓராவன், இராஜமகால் ஆகிய ஆறும் திருந்தா மொழிகள் என்று அவர் பிரித்தார். அந்நூலுக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. அதனாலேயே அந்தப் பிரிவினையைப் பகுத்தறிவுக் கண்கொண்டு பார்க்க வேண்டும். எழுத்தில்லாத மொழி எவ்வாறு திருந்தாத மொழியாகும்? இலக்கணமில்லாமல் எந்தக் குழந்தையும் எந்த மொழியையும் பேசுவதில்லை. ஏடு இல்லை, அரசவை இல்லை, அச்சுக்கூடம் இல்லை என்பது மொழியின் குறையன்று. அம்மொழியினர்க்கு நிலமும் அதிகாரமும் மறுக்கப்பட்டதன் அடையாளம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மனிதரைப் பற்றிச் சொல்லும் நாம், மொழிகளுக்குள் மட்டும் வருணம் வகுக்கலாமா?

மொழி எப்படிச் சாகிறது? ஆணை போட்டுக் கொல்லப்படும் மொழிகள் சில. வெட்கத்தால் வாடிச் சாகும் மொழிகளே பல. 2010 சனவரியில் அந்தமானில் மூதாட்டி போவா சீனியர் மறைந்தார். 'போ' என்னும் மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். அவரோடு பேச அவர் மொழியில் ஒருவரும் எஞ்சவில்லை. மாநாடு கூட்டி எவரும் அம்மொழியைத் தடை செய்யவில்லை. குடியேற்றமும் நோயும் புறக்கணிப்புமே போதுமானவையாயின.

எண்ணிக்கையும் ஒரு கொலைக்கருவி ஆகும். 2011 கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் 52 கோடியே 83 இலட்சம் என்று பறைசாற்றப்பட்டது. பிரித்துப் பார்த்தால், இந்தி என்ற பெயரிலேயே பதிந்தோர் ஏறத்தாழ 32 கோடி. எஞ்சிய 20 கோடி போஜ்புரி, இராசத்தானி, சத்தீசுகரி, மகதி, சாத்ரி முதலிய தாய்மொழிகளைச் சொன்னவர்கள். அவர்கள் இந்தியின் கிளைகள் என்று ஒரே கூடையில் கொட்டப்பட்டனர். இவர்களுக்கும் அப்பால், குருக் பேசிக்கொண்டே 'இந்திதான்' என்று பதில் சொல்லும் நம் கும்லா நண்பரைப் போன்றோர் எத்தனை பேர்? பெரும்பான்மை என்று ஓங்கி ஒலிக்கும் குரலுக்குள், வாய் மூடப்பட்ட சிறுபான்மைகள் பல அடைபட்டுக் கிடக்கின்றன. பதினாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசப்படும் மொழியோ, அந்த அட்டவணையில் தன் பெயரையே காணமுடியாது.

இனி, மொழி எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். சிறு சமுதாயங்கள் பேரரசுகளின் உதவியின்றி மொழியைக் காத்து வந்ததற்கு மாயம் ஒன்றும் இல்லை. மொழி வாழ மூன்று வேண்டும்: குழந்தையின் காதில் விழ ஒரு வாய், பலர் கூடிப் பேச ஓர் இடம், பேசுவதால் இழிவு வராது என்னும் உறுதி.

குருக் சிற்றூர்களில் இளைஞர் கூடும் 'தும்குரியா' என்னும் பொதுமனை இருந்தது. பாட்டும் கதையும் ஊர்ப்பணியும் அங்கே கற்கப்பட்டன. ஊர் நடுவில் 'அக்ரா' என்னும் ஆடுகளம். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடிப் பாடும் அந்தக் களமே அவர்களுடைய பல்கலைக்கழகம். பண்டிகைகளில் மரக்கிளை நட்டு வணங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அக்கிளையைச் சுற்றிப் பாடப்படும் பாட்டு, ஒரு மொழியின் மூச்சு என்பதை மறுக்க மாட்டோம். வழிபாடு உதிர்ந்தாலும் பாட்டு நிற்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் நாராயண் ஓராவன், அம்மொழிக்கென 'தோலோங் சிகி' என்னும் எழுத்து முறையை வகுத்தார். மேற்கு வங்கம் 2018-இல் குருக்கை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. அண்டையிலுள்ள சந்தாலியின் வரலாறு இன்னும் ஊக்கம் தருவது. மயூர்பஞ்சில் பிறந்த ரகுநாத் முர்மு, பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். 1925-இல் தம் மக்களின் மொழிக்கு 'ஓல் சிக்கி' எழுத்தை அமைத்தார். பாட்டும் நாடகமும் எழுதி, ஊர் ஊராகச் சென்று பரப்பினார். எந்த அரசும் அவரைப் பணிக்கவில்லை. 2003-இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தத்தால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. 2011 கணக்கில் அம்மொழியினர் 73 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அரசு முன்னே செல்ல, மக்கள் பின்னே சென்றார்கள் என்று எண்ணாதீர். மக்கள் முன்னே சென்றார்கள். அரசு முக்கால் நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது.

தொலைவு செல்வானேன்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையையே நோக்குவோம். நீலகிரியில் தோடர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே. பிறப்பு, இறப்பு, பால்மாடு, பயணம் எதுவாயினும் பாட்டாக்குவது அவர் வழக்கம். 1935 முதல் 1938 வரை நம் நாட்டில் தங்கி ஆய்ந்த எமனோ என்னும் அறிஞர் அப்பாடல்களைத் திரட்டி 1971-இல் பெரும் நூலாக வெளியிட்டார். கோத்தர் ஏழே ஊர்களில் வாழ்பவர். கொல்லுத் தொழிலும் குயவுத் தொழிலும் இசையும் கைவந்தவர். சுற்றிலும் படகமும் தமிழும் கன்னடமும் சூழ்ந்திருக்க, தம் மொழியை இன்றளவும் விட்டாரில்லை. நம் மாவட்டத்திலேயே, உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைக் காட்டின் குடியிருப்புகளில் முதுவர் வாழ்கின்றனர். அவர்கள் தங்களுக்குள் பேசுவது சமவெளியாருக்கு எளிதில் விளங்காது. அதைக் 'கொச்சைத் தமிழ்' என்று சொல்லி நகைப்பவரும் உண்டு. தமிழை 'நீசபாஷை' என்று இகழ்ந்த சனாதனிகளை நாம் மன்னிக்கவில்லை. அதே கோலை எடுத்து மலைமக்களை அளப்பவரை மட்டும் எவ்வாறு பொறுப்பது?

இங்கே ஒரு கடினமான கேள்வி குறுக்கே நிற்கிறது. சீர்திருத்தம் பேசுவோர் இதைக் கடந்து செல்லக்கூடாது. கொங்கு நாட்டுத் தேவாங்க நெசவாளர் இல்லங்கள் பலவற்றில் கன்னடம் பல தலைமுறையாக ஒலிக்கிறது. பள்ளியில்லை, பாடநூலில்லை, எப்படி நிலைத்தது? தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாய் இழை சுற்ற, தந்தை நாடா ஓட்ட, பிள்ளை அருகிருந்து கேட்டது. தொழிற்கூடமும் தொட்டிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. இது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு: சாதிக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை. கல்யாணம் வேலி போட்டது. வேலிக்குள் மொழி வளர்ந்தது.

அப்படியானால், மொழி வாழவேண்டும் என்பதற்காகச் சாதி வேலி நிற்கவேண்டுமா? கலப்பு மணம் செய்தால் சிறு மொழி சாகுமென்றால், நாம் எதை விடுவது, எதைப் பிடிப்பது? பழமைவாதி இங்கே புன்னகை புரிவான்: "பார்த்தீரா, ஆசாரம் இருந்ததால்தான் அடையாளம் இருந்தது" என்பான்.

அவன் கூற்றைத் தறியே மறுக்கிறது. விசைத்தறி வந்து, பனியன் கம்பெனி வந்து, தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டுக்குச் செல்லத் தொடங்கியபின், சாதி வேலி நின்ற வீடுகளிலேயே பிள்ளைகள் வீட்டு மொழியை விட்டுத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதைக் காண்கிறோம். வேலி அப்படியே இருக்கிறது, மொழி நழுவுகிறது. ஆகவே மொழியைக் காத்தது சாதியன்று; கூடிப் பேசிய நேரம். சாதி, அந்த நேரத்தைப் பூட்டி வைத்த பெட்டிதான். பெட்டியை உடைத்துவிட்டு நேரத்தை வேறு வழியில் மீட்க முடியும்.

முடியும் என்பதற்குச் சான்று நியூசிலாந்து. அங்கே மாவோரி மொழி முதியோரின் நாவில் மட்டுமே ஒதுங்கிக் கிடந்தது. 1982-இல் 'கோஹங்கா ரெயோ', அதாவது மொழிக்கூடு, என்னும் மழலையர் இல்லங்களைத் தொடங்கினர். பாட்டிமாரும் பாட்டன்மாரும் வந்து அமர்ந்து குழந்தைகளோடு மாவோரியில் மட்டுமே பேசினர். அவ்வளவுதான். 1987-இல் அம்மொழிக்கு ஆட்சிமொழி என்னும் சட்டத் தகுதியும் கிடைத்தது. அங்கே மொழியை மீட்டது திருமண வேலி அன்று, திறந்த கதவு. ஒடிசாவில் 2006 அளவில், பழங்குடி மொழிகள் பத்தைத் தொடக்கப்பள்ளியில் பயிற்றுமொழியாக்கும் திட்டம் தொடங்கியது. குயி, குவி, கோயா என்னும் நம் உடன்பிறப்பு மொழிகளும் அவற்றுள் அடங்கும்.

திருப்பூரின் நிலைமை என்ன? இங்கே கூட்டிலும் வேலியிலும் எதுவுமில்லை. லைன் வீடுகள்தாம் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஊரார் நால்வர் சேர்ந்து தங்கினால் அங்கே குருக் வாழ்கிறது. ஊர் கலந்தால் சாத்ரிக்கோ இந்திக்கோ மாறுகிறது. கைப்பேசி ஒரு புதிய அக்ரா ஆகியிருக்கிறது. எழுதத் தெரியாத தாய்க்கு மகன் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறான். தாய் குரலால் மறுமொழி தருகிறாள். இளைஞரிடையே பாட்டுகள் கைக்குக் கை பரவுகின்றன. ஆனால் இங்கே பிறந்த குழந்தை? தாய் செக்கிங் மேசையில் நிற்கிறாள். காலையில் உறங்கும் குழந்தையை விட்டுச் சென்று, இரவில் உறங்கும் குழந்தையிடம் திரும்புகிறாள். எந்த வாய் அதன் காதில் தாய்மொழியை ஊற்றும்? நம் நண்பரின் மகளுக்கு நான்கு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கொங்குத் தமிழில் அழகாகச் சண்டையிடுகிறாள். ஊரிலிருந்து பாட்டி கைப்பேசியில் அழைத்தால், தந்தை இடையில் நின்று மொழிபெயர்க்கிறார். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே துபாஷி! எட்டு மணி நேர வேலை என்பது கூலிக் கோரிக்கை மட்டும்தான் என்று யார் சொன்னது? அது மொழிக் கோரிக்கையும் ஆகும்.

"தமிழைக் காக்கவே ஆளில்லை, இதில் ஊரார் மொழியையும் காப்பதா?" என்று சில தோழர்கள் கேட்பர். தமிழைத் தமிழ்நாட்டில் கற்பது இங்கு உழைக்க வருவோர்க்குத் தேவை. அதை நாமே கற்பிக்கிறோம். தாய்மொழியில் ஊன்றிய குழந்தைக்கு இரண்டாம் மொழி எளிதாகும் என்பதே கல்வியாளர் கண்ட உண்மை. குருக் அறிந்த குழந்தை தமிழுக்கு எதிரியாகாது. 'நாம்' என்ற சொல்லை அது கருவிலேயே கற்று வருகிறது. "பாட்டாளிகள் ஒன்றுபட ஒரே மொழி போதாதா?" என்பர் வேறு சிலர். ஒன்றுபடுவதற்குப் பொதுமொழி வேண்டும், உண்மை. ஒன்றுபடுவதற்காக ஒருவன் தாயை மறைக்க வேண்டும் என்பது ஒற்றுமையன்று, அடிமைத்தனம்.

1934-இல் இத்திருப்பூரில், நெசவாளர் குலத்து இளைஞர் மாநாட்டில்தான் பெரியாரும் அண்ணாவும் முதன்முதல் சந்தித்தனர். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்து எழுந்த போரில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் நீத்தனர். 1965-இல் மாணவர் உலகம் கிளர்ந்தெழுந்தது. அந்தப் போர்கள் தமிழ் என்னும் ஒரு மொழியின் பெருமைக்காக மட்டுமா? ஒருவன் நாவின்மீது இன்னொருவன் ஆணை செல்லாது என்னும் கொள்கைக்காக. கொள்கையென்றால் அது நமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் நின்றுவிடக்கூடாது. எளியவர் பக்கமும் அது நடந்து செல்லவேண்டும்.

செய்யவேண்டியவை மலையைப் பெயர்க்கும் செயல்கள் அல்ல. படிப்பகம் நடத்தும் தோழர்கள், வரும் தொழிலாளரிடம் "எந்த மாநிலம்?" என்பதோடு நில்லாமல் "அம்மா என்ன மொழி பேசுவார்?" என்றும் கேளுங்கள். ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் அரங்கை அவர்கள் பாட்டுக்கும் கதைக்கும் திறந்துவிடுங்கள். அவர்கள் மொழியில் பத்துச் சொல் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். கற்கப்படும் மொழியை யாரும் காட்டுப் பாசை என்று சொல்லத் துணிவதில்லை. தொழிற்சங்கத் தோழர்கள், குழந்தைகள் காப்பகங்களில் அம்மொழி பேசும் பெண்ணொருவரையும் பணியில் அமர்த்தக் கோருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது, தாய்மொழியின் பெயரைத் துணிந்து சொல்லுமாறு எடுத்துரையுங்கள். சிறுபான்மை மொழிக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயலவேண்டும் என்று 1956 முதல் அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு கூறி வருகிறது. நம் அரசிடம் அதை நினைவூட்டுவதும், உடுமலை மலைப் பள்ளிகளில் முதுவர் பிள்ளைகளின் பேச்சை நகைக்காத ஆசிரியரைக் கேட்பதும் நம் கடன்.

சிறு மொழிகள் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. ஆட்சியும் ஆயுதமும் இல்லாமல், அடுப்படியிலும் ஆடுகளத்திலும் தங்களைத் தாங்களே காத்துக்கொண்டு வந்தவை அவை. அவற்றின் வழியில் குறுக்கே நில்லாதிருப்பதும், நிற்போரை விலக்குவதும் நாம் செய்யக்கூடிய உதவி. தமிழன் 'நாம்' என்று சொல்லும்போது அதில் யார் யார் அடங்குவர் என்பதே இக்காலத்தின் வினா. கேட்பவரை வெளியே நிறுத்திச் சொல்ல 'ஏம்' இருக்கிறது, 'யாம்' இருக்கிறது. கேட்பவரையும் உள்ளே அழைத்துச் சொல்ல, இரு மொழிக்கும் பொதுவாக ஒரே சொல் இருக்கிறது. அச்சொல்லைத் தேர்ந்தெடுப்போம், தோழர்களே!